உரிமையாளர் இல்லாத கலகம்

வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்பது நம் பழமொழி. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ஆகவே, கலகத்தின் தேவதையையே குலதெய்வமாக வரித்துக்கொண்ட ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் உங்களுக்கு அது அந்நியமாகப் படாது. டிஸ்கார்டியன்கள் என்று அவர்களுக்குப் பெயர். அமெரிக்காவில் தோன்றிய கூட்டம். தலைமையகம் இல்லை, உறுப்பினர் பதிவேடு இல்லை, சந்தா இல்லை, தலைவரும் இல்லை. அப்படியிருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்து, நாவல், நாடகம், இசை, விளையாட்டு என்று எத்தனையோ பிறக்க அவர்கள் காரணமாக இருந்திருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். கட்டுக்கோப்பே இல்லாத ஒரு கூட்டத்தால் இவ்வளவையும் சேர்ந்து செய்ய முடிந்தது எப்படி? அதே கூட்டம் செய்த ஒரு காரியம் மட்டும் கைமீறிப் போனது ஏன்? இரண்டுக்கும் ஒரே விடைதான் என்பது என் எண்ணம்.

முதலில் கதை. 1950களின் கடைசி. தெற்குக் கலிபோர்னியாவில் விட்டியர் என்ற ஊர். கிரெக் ஹில், கெர்ரி தார்ன்லி என்று இரண்டு இளைஞர்கள், பள்ளித் தோழர்கள். இரவில் நெடுநேரம் திறந்திருக்கும் ஒரு பௌலிங் கூடத்தில் காபியை வைத்துக்கொண்டு உலகத்தையே வாதத்துக்கு இழுப்பது அவர்கள் வழக்கம். குழப்பத்திலிருந்து ஒருநாள் ஒழுங்கு பிறக்கும் என்ற பொருளில் தார்ன்லி ஒரு கவிதை எழுதிக் காட்டினாராம். ஹில் சிரித்தார். ஒழுங்கு என்பது வெளியில் எங்கும் கிடையாது, நம் மனம் போட்டுப் பார்க்கும் கட்டம்தான் அது, உண்மையில் இருப்பது குழப்பம் மட்டுமே என்றார். அப்படியானால் அந்தக் குழப்பத்துக்கு ஒரு தெய்வம் வேண்டாமா என்று தேடியபோது கிடைத்தவள் கிரேக்கப் புராணத்தின் ஈரிஸ்.

ஈரிஸின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பீலியஸ் திருமணத்துக்கு எல்லாத் தெய்வங்களையும் அழைத்தார்கள், சச்சரவுக்குத் தேவதையான அவளை மட்டும் விட்டுவிட்டார்கள். பேரழகிக்கு உரியது என்று பொறித்த ஒரு தங்க ஆப்பிளை அவள் பந்தலுக்குள் உருட்டிவிட்டாள். ஹீரா, அதீனா, அஃப்ரொடைட்டி மூவரும் எனக்கு உனக்கு என்று மல்லுக்கு நின்றார்கள். டிராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்புச் சொல்லப் போனான். முடிவு, டிராய் நகரத்துப் போர். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவளின் பக்கம் நின்று உலகத்தைப் பார்ப்போம் என்று இந்த இளைஞர்கள் தீர்மானித்தார்கள். அதுதான் தொடக்கம்.

இவர்களுடைய வேதநூலின் பெயர் பிரின்சிபியா டிஸ்கார்டியா. 1960களின் நடுவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் நகலெடுக்கும் இயந்திரத்தில், யாருக்கும் தெரியாமல் ஐந்தே படிகள் எடுக்கப்பட்டது முதல் பதிப்பு என்று அவர்களே சொல்லிவந்தார்கள். இன்று பரவலாகக் கிடைப்பது 1970இல் ஹில் தொகுத்த நான்காம் பதிப்பு. அதைக் கையில் எடுத்தால் புத்தகத்தைப் பார்ப்பதுபோலவே இருக்காது. தட்டச்சு செய்த பத்திகள், கையால் எழுதிய தலைப்புகள், பழைய ஏடுகளிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள், ரப்பர் முத்திரைகள், இல்லாத அலுவலகங்களின் கடிதத் தலைப்புகள், நண்பர்கள் எழுதி அனுப்பிய துணுக்குகள், குட்டிக் கதைகள். பக்க எண்கள் ஐந்து இலக்கத்தில் ஓடுகின்றன. மொத்தப் பக்கங்களோ 75தான். மாலக்லிப்ஸ் இளையவர் என்ற புனைபெயரில் ஹில்லும், ஒமர் கய்யாம் ரேவன்ஹர்ஸ்ட் என்ற புனைபெயரில் தார்ன்லியும் உள்ளே நடமாடுகிறார்கள். யார் எதை எழுதினார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரிக்க வேண்டும் என்று அவர்களும் நினைக்கவில்லை.

இந்த நூலில் மூன்று விஷயங்களை மட்டும் கிட்டே வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, ஹாட் டாக் கட்டளை. ஹாட் டாக் என்பது நீள ரொட்டிக்குள் இறைச்சிக் குழலை வைத்துத் தரும் அமெரிக்கத் தெருவோரத் தின்பண்டம். டிஸ்கார்டியன் ஒருவர் அந்த ரொட்டியைத் தின்னக்கூடாது என்பது இவர்கள் மதத்தின் விலக்கு. ஆனால் மதத்தில் சேர்ந்தவுடன் ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் போய் ஒரு ஹாட் டாக்கை மகிழ்ச்சியாகத் தின்ன வேண்டும் என்பதும் கட்டளை. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்ற கத்தோலிக்க விலக்கு, பன்றி இறைச்சி கூடாது என்ற யூத விலக்கு, மாட்டிறைச்சி கூடாது என்ற இந்து விலக்கு, புலாலே கூடாது என்ற பௌத்த விலக்கு எல்லாம் அந்த ஒரு வாய்க்குள் உடைகின்றன. கூடவே அவர்களுடைய சொந்த மதத்தின் விலக்கும் உடைகிறது. இதைக் கவனியுங்கள். பிறர் மதத்தைக் கேலி செய்ய எல்லோராலும் முடியும். தன் மதத்தின் விதியை மீறுவதையே நுழைவாயிலாக வைத்தது இவர்களின் நேர்மை.

இரண்டு, போப் அட்டை. சிறிய அட்டை ஒன்றை அச்சடித்தார்கள். அதை வைத்திருப்பவர் முறைப்படி அங்கீகாரம் பெற்ற போப் என்று அதில் இருக்கும். அதோடு நிற்கவில்லை. உலகத்தில் இருக்கும் ஆண், பெண், குழந்தை அத்தனை பேரும் போப்தான் என்றார்கள். அந்த அட்டையை யாரும் நகலெடுத்து யாருக்கும் கொடுக்கலாம். எல்லோரும் போப் என்று ஆகிவிட்டால் யாருக்கு யார் கட்டளையிடுவது? அதிகாரத்தை எதிர்த்தவர்கள் சரித்திரத்தில் எத்தனையோ பேர். அதிகாரத்தை ஆளுக்கொரு அட்டையாகப் பங்கு போட்டுக் கொடுத்தே அதன் கனத்தை இல்லாமல் ஆக்கியவர்கள் இவர்கள்.

மூன்று, பதிப்புரிமை. புத்தகத்தில் எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை என்று போடும் இடத்தில், அந்த வாசகத்தையே திருப்பிப் போட்டு, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மறுபதிப்பு செய்யலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். 1970இல் இது சாதாரண விஷயம் இல்லை. அனுமதி கேட்டு எழுத வேண்டிய தேவையே இல்லாததால், நூல் தானாகப் பரவியது. நகலெடுத்தவர்கள் தங்கள் பக்கத்தையும் சேர்த்தார்கள். வாசகர் எழுத்தாளர் ஆனார்.

என் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கூட்டுழைப்பு என்றதும் நமக்குக் குழு, தலைவர், செயலாளர், தீர்மானப் புத்தகம் எல்லாம் நினைவுக்கு வரும். டிஸ்கார்டியன்கள் கூட்டுழைப்புக்குக் குறுக்கே நிற்கும் இரண்டு காவல்காரர்களை அனுப்பிவிட்டார்கள். இதைச் செய்ய நீ யார் என்று கேட்கும் அதிகாரம் ஒன்று. இது என்னுடையது, தொடாதே என்று சொல்லும் உடைமை இன்னொன்று. இவை இரண்டும் போன பிறகு, சேர்ந்து வேலை செய்ய ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட வேண்டியதில்லை.

அதன் விளைச்சலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராபர்ட் ஆன்டன் வில்சன், ராபர்ட் ஷே இருவரும் பிளேபாய் இதழில் உதவி ஆசிரியர்கள். குடிமை உரிமைகள் பற்றிய வாசகர் கடிதங்களைப் பார்ப்பது அவர்கள் வேலை. அந்தக் கடிதங்களில் விதவிதமான சதிக் கதைகளும் வந்து குவியும். இவை அத்தனையும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஒரு கேள்வியிலிருந்து இலுமினேட்டஸ் என்ற பெரிய நாவல் பிறந்தது. 1975இல் மூன்று பகுதிகளாக வெளிவந்த அந்த நாவல் முழுக்க டிஸ்கார்டியன் கருத்துகள் விரவிக் கிடக்கின்றன.

அடுத்த ஆண்டே, 1976 நவம்பர் 23 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் கென் கேம்பல் அதை நாடகமாக்கினார். எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஐந்து நாடகங்களின் தொடர். பில் நை, ஜிம் பிராட்பென்ட் போன்று பின்னால் பெரும் புகழ் பெற்ற நடிகர்கள் அதில் இருந்தார்கள். 1977இல் லண்டன் தேசிய நாடக அரங்கின் புதிய மேடையான காட்டஸ்லோ திறக்கப்பட்டபோது முதலில் ஏறியது இந்த நாடகம்தான். லிவர்பூலில் காட்சி அமைப்பு செய்த இளைஞர் பில் டிரம்மண்ட். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவரும் ஜிம்மி காட்டியும் அந்த நாவலில் வரும் ஒரு கூட்டத்தின் பெயரையே தங்கள் இசைக்குழுவுக்கு வைத்தார்கள். பிறகு கேஎல்எஃப் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது அந்த இணைதான். அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாக்சன் என்பவர் அதே நாவலின் தூண்டுதலில் 1982இல் இலுமினாட்டி என்று ஒரு சீட்டு விளையாட்டை உருவாக்கினார். ஒரு பௌலிங் கூடத்துப் பேச்சு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

பதிப்புரிமையில் இவர்கள் ஆடிய விளையாட்டும் தன் வழியில் பயணம் போயிற்று. 1980களின் நடுவில் டான் ஹாப்கின்ஸ் என்ற நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உறையின் மேல், காப்பிலெஃப்ட் என்ற சொல்லோடு அந்தப் பழைய உரிமை விளையாட்டின் இன்னொரு வடிவம் இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியிருந்த ஸ்டால்மன் தன் கொள்கைக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார். விளையாட்டாக இருந்ததைச் சட்ட மொழியில் உறுதியாக எழுதி, 1989இல் பொது உரிமமாக வெளியிட்டார். எடுத்துக்கொள், மாற்று, பகிர். ஆனால் நீ மாற்றியதையும் மற்றவர்கள் இதேபோல எடுத்துக்கொள்ள விடு என்பது அதன் சாரம். அந்த வழியில் வந்த ஓர் உரிமத்தின் கீழ்தான் 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இயங்குகிறது. அதன் பக்கங்களின் அடியில் இருக்கும் சின்ன எழுத்துக் குறிப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள். முகம் தெரியாத தமிழர்கள் சேர்ந்து ஒரு கலைக்களஞ்சியத்தை எழுத அந்த இரண்டு வரி போதுமானதாக இருக்கிறது.

இனி என் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

1968 வாக்கில் தார்ன்லியும் வில்சனும் நண்பர்களும் ஒரு திட்டம் போட்டார்கள். மனங்களைக் கலக்கிவிடும் நடவடிக்கை என்ற பொருளில் அதற்கு ஒரு கொச்சையான ஆங்கிலப் பெயரும் வைத்தார்கள். நாட்டில் நடக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பின்னால் இலுமினாட்டிகளின் கை இருக்கிறது என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவது, ஒன்றுக்கொன்று முரணான விளக்கங்களைப் பரப்புவது, இதுதான் திட்டம். 1969 ஏப்ரல் பிளேபாய் இதழிலேயே இலுமினாட்டி பற்றிய ஒரு வாசகர் கடிதம் வெளிவந்தது. மாற்று ஏடுகளிலும் இப்படிப் பல பரவின.

இலுமினாட்டி என்பது முழுக்கக் கற்பனை இல்லை. 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கால்ஸ்டாட் நகரத்தில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய ரகசியச் சங்கம் அது. மதபீடத்தின் பிடியிலிருந்து அறிவை விடுவிப்பது அதன் நோக்கம். பத்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1780களின் நடுவில் அந்நாட்டு ஆட்சியாளர் கார்ல் தியோடர் தடைவிதித்தார், சங்கம் கலைந்தது. 1797இல் ஸ்காட்லாந்தின் ஜான் ராபிசனும் பிரான்சின் பாதிரியார் பாருயெலும், பிரெஞ்சுப் புரட்சியே அவர்கள் செய்த சதி என்று புத்தகம் எழுதினார்கள். இலுமினாட்டி பயம் அன்று தொடங்கியது. ஆகவே எல்லாப் பழியையும் டிஸ்கார்டியன்கள் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. ஆனால் ஓரமாகக் கிடந்த அந்தக் கதையைத் தூசி தட்டி, வெகுஜனக் கற்பனைக்குள் கொண்டுவந்து விட்டதில் அவர்களுக்கு முக்கியமான பங்கு உண்டு.

அவர்கள் நோக்கம் கெட்டதா என்றால், இல்லை. வியட்நாம் போரும் அரசியல் படுகொலைகளும் அமெரிக்காவை உலுக்கிய காலம் அது. முரண்பட்ட விளக்கங்கள் பத்து கண்முன் வந்தால், மக்கள் எந்த விளக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் தாமே யோசிக்கத் தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நல்ல எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. மக்கள் பத்து விளக்கங்களில் தங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? பிரின்சிபியாவின் ஐந்து கட்டளைகளில் கடைசிக் கட்டளை, டிஸ்கார்டியன் தான் வாசிப்பதை நம்பக்கூடாது என்பது. வேதநூலே தன்னை நம்பாதே என்று வாசகரிடம் சொல்லிவிடுகிறது. அதேபோல் ஐந்தின் விதி என்று ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் ஐந்து என்ற எண் ஒளிந்திருக்கிறது, தேடத் தேட அதிகமாகத் தெரியும் என்று அந்த விதி சொல்லும். தேடிப் பார்க்கும் வாசகருக்குக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், எண் ஒளிந்திருப்பது உலகத்தில் இல்லை, தேடும் தன் மனத்தில்தான் என்று. இப்படி, நூலின் ஒவ்வொரு புதிருக்கும் உரிய சாவியை அந்த நூலே வாசகர் கையில் கொடுக்கிறது. பத்திரிகைக்குப் போன கடிதங்களில் அந்தச் சாவி இல்லை. இது விளையாட்டு என்று எழுதியவர்களுக்குத் தெரியும், படித்தவர்களுக்குத் தெரியாது. நூலில் வாசகர் சக போப். கடிதத்தில் அவர் வெறும் இலக்கு. டிஸ்கார்டியன்கள் தங்கள் கொள்கையை விட்டு விலகியது அந்த ஓர் இடத்தில்தான்.

அதன் விலையை முதலில் கொடுத்தவர் தார்ன்லிதான். அவர் 1959இல் அமெரிக்க மரைன் படை வீரராக எல் டோரோ தளத்தில் இருந்தபோது உடன் இருந்தவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். பின்னாளில் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டவர் என்று குற்றம் சாட்டப்பட்ட அதே ஆஸ்வால்ட். அவரை மாதிரியாக வைத்து, கென்னடி கொலைக்கு முன்பே தார்ன்லி ஒரு நாவல் எழுதியிருந்தார். 1964இல், அந்தக் கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். 1968இல் நியூ ஆர்லியன்ஸ் அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன், பொய்ச் சாட்சி சொன்னதாக அவர்மேல் குற்றம் சாட்டினார். முதல் பதிப்பு நகலெடுக்கப்பட்டதாக அவர்கள் சொன்ன அலுவலகமும் கேரிசனுடையதுதான். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் சதிக் கதைகளை விளையாட்டாகப் பரப்பிய அந்த மனிதர், 1970களில் கென்னடி கொலைச் சதியில் தானும் அறியாமல் ஒரு கருவியாக இருந்ததாக மெய்யாகவே நம்பத் தொடங்கினார். நண்பர்களைச் சந்தேகித்தார். வில்சனையும் சந்தேகித்தார். 1998இல் அட்லாண்டாவில் இறக்கும்வரை அந்தச் சந்தேகம் அவரை விடவில்லை.

விலை கொடுத்தவர் அவர் மட்டும் அல்ல. ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் கார்ல் காக் என்று ஓர் இளைஞர். கணினி வலையமைப்புகளுக்குள் ஊடுருவும் திறமைசாலி. இலுமினேட்டஸ் நாவலைப் படித்து, அதன் நாயகன் ஹாக்பார்ட் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டார். நாவலில் சொல்லப்படும் சதியை உண்மை என்றே எடுத்துக்கொண்டார். போதைப் பொருளும், சோவியத் உளவுத் துறைக்குத் தகவல் விற்ற விவகாரமும் சேர்ந்துகொண்டன. 1989 மே மாதம், 23 வயதில், ஒரு காட்டில் எரிந்த நிலையில் இறந்தார். ஒரு நாவல்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. விளையாட்டை விளையாட்டாகக் காட்டித்தர அருகில் ஒரு மனிதர் இல்லாமல் போனார் என்பதே என் வருத்தம்.

நண்பர்களே, இது நமக்கும் தொலைவில் நடந்த கதை இல்லை. யூடியூபில் இலுமினாட்டி என்று தமிழில் தேடிப் பாருங்கள். நடிகர் கைவிரலை மடக்கியது, பாட்டில் முக்கோணம் வந்தது, நோய் பரவியது, எல்லாவற்றுக்கும் இலுமினாட்டியே காரணம் என்று உறுதியான குரலில் பேசும் காணொளிகள் வரிசை கட்டி வரும். நம் வீட்டுப் பெரியவர்களின் வாட்ஸ்அப்புக்கு விடிந்ததும் வந்துசேரும் பல செய்திகளின் இலக்கணமும் இதுதான். எழுதியவர் யார் தெரியாது, உரிமையாளர் இல்லை, யாரும் நகலெடுக்கலாம், யாரும் சேர்க்கலாம். டிஸ்கார்டியன்கள் கண்டுபிடித்த பரவும் முறை அப்படியே இருக்கிறது. நம்பாதே, நீயே யோசி என்ற ஐந்தாவது கட்டளை மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. கலகக்காரர்களின் கருவியை இன்று அதிகாரமும் வணிகமும் கையில் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அதனால் கலகமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. புனிதம் என்று சொல்லி எதையும் கேள்வி கேட்கவிடாமல் வைத்திருக்கும் சமூகத்துக்குக் கலகக்காரர்கள் தேவை. எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டும் காலத்தில், தான் எழுதியதை ஊருக்கு விட்டுக்கொடுக்கும் மனமும் தேவை. ஹில்லும் தார்ன்லியும் அவர்கள் நண்பர்களும் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டினார்கள். அதற்காக அவர்கள்மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. கலகம் படைப்பாகிறதா, ஏமாற்றாகிறதா என்பதைத் தீர்மானிக்க ஒரே ஒரு சோதனை போதும். எதிரில் இருப்பவருக்கு இது விளையாட்டு என்று தெரிந்துகொள்ள வழி வைத்திருக்கிறோமா? அவரும் உள்ளே வந்து ஆட இடம் இருக்கிறதா? இருந்தால் அது கலை. இல்லாவிட்டால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது பொய்.

இங்கே எழுதுகிறவர்கள், நாடகம் போடுகிறவர்கள், மீம் உருவாக்குகிறவர்கள், நிரல் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் இது. கேலி செய்யுங்கள், முதலில் உங்கள் சொந்த முகாமைக் கேலி செய்யுங்கள். படைத்ததைப் பகிருங்கள், அடுத்தவர் அதில் கைவைக்க இடம் கொடுங்கள். ஆனால் உங்கள் வாசகரை ஒருபோதும் இலக்காக வைக்காதீர்கள். அவரைச் சக படைப்பாளியாக வையுங்கள். உண்மை என்று நம்ப வைக்கும் பொய் ஒன்று உங்கள் கைபேசிக்கு வந்தால், அது உங்கள் அணிக்குச் சாதகமானதாகவே இருந்தாலும், அதை அனுப்பாமல் நிறுத்துங்கள்.